மலைப்பாதையும் மோட்டார் வண்டியின் நடுக்கமும்

சேலத்தினின்று ஏற்காட்டுக்கு மோட்டாரிற் சென்று மீள்வோர் பெரும்பாலும் மலையின் குளிர்ச்சியையும், காப்பித் தோட்டங்களின் பசுமையையும், ஏரியின் அழகையுமே பேசிக்கொண்டு திரும்புவர். யான் ஈண்டு எழுதப் புகுவது அவற்றைப் பற்றியன்று. அம்மலைப்பாதையில் ஏறி இறங்கும் வண்டி நடுங்குமாயின் அந்நடுக்கத்தின் காரணத்தை எங்ஙனம் அறிவது என்னும் சிறு விஷயத்தைப் பற்றியே எழுதுகின்றேன். சிறு விஷயமென்று கூறினேனாயினும், இதனை அறியாமையால் யான் ஒருமுறை வீணே பணத்தை இழந்தேன். மற்றொருமுறை அரைகுறையாக அறிந்தமையால் அதனினும் பெரியதொன்றை இழக்கும் தறுவாயில் இருந்தேன். ஆதலின் நம் கல்லூரி மாணவருள் வண்டியோட்டும் உரிமத்தைப் புதிதாகப் பெற்றோர்க்கும், பழைய மாணவருள் சொந்த வண்டி வைத்திருப்போர்க்கும் இக்கட்டுரை ஒருவாறு பயன்படுமென நம்புகின்றேன்.

நடுக்கம் என்பது நோயன்று, நோயின் குறி. காய்ச்சலோடு வந்தவனைப் பார்த்துப் பழைய நாட்டு வைத்தியர், "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கு முன்னரே, "எப்போது காய்கிறது? நாள்தோறுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா?" என்று கேட்பார். முறைக்காய்ச்சலை மற்றைக் காய்ச்சல்களினின்று பிரித்தறிய அவ்வொரு கேள்வியே பெரிதும் உதவிற்று. மோட்டார் வண்டியின் நிலையும் அத்தகையதே. நடுக்கம் எங்கே தோன்றுகிறது என்று தேடுவோர் பெரும்பாலும் ஏமாறுவர். ஏனெனில் வண்டியின் இரும்புக்கூடு முழுவதும் ஒன்றோடொன்று பிணைந்திருத்தலின், முன் சக்கரத்தில் பிறந்த அதிர்ச்சி பின்னிருக்கையில் வந்து பேசும். நடுக்கம் எப்போது தோன்றுகிறது, எப்போது மறைகிறது என்று கேட்போரே விடையை அணுகுவர். நிற்கும்போதா, ஏறும்போதா, திரும்பும்போதா, பிரேக்கை மிதிக்கும்போதா, சமவெளியில் விரையும்போதா? இவ்வைந்து கேள்விகளையும் தனித்தனியே கேட்கவல்ல பரீட்சைக் களம் ஒன்று வேண்டுமாயின், ஏற்காட்டுப் பாதையை விடச் சிறந்தது எளிதிற் கிட்டாது.

சேலம் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடோ சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரத்தை அடைந்த பாதை, அதன்பின் 20 கொண்டை ஊசி வளைவுகளாய் மடிந்து மடிந்து சேர்வராயன் மலைமேல் ஏறுகின்றது. ஒவ்வொரு வளைவிற்கும் எண் இட்டிருத்தலின், நடுக்கம் எவ்விடத்தில் தோன்றிற்று என்பதைக் குறித்துக்கொள்வதும் எளிது. மலையினின்று இறங்கியவுடனே அகன்ற தேசிய நெடுஞ்சாலை அருகில் உள்ளது. ஏற்றம், வளைவு, இறக்கம், சமவெளி என்னும் நான்கும் ஒரே காலைப்பொழுதில் கிட்டிவிடுகின்றன.

முதற்கண் வண்டி நிற்கும் நிலையை நோக்குவோம். சேலத்தில் வீட்டு வாயிலிலேயே யந்திரத்தை முடுக்கிவிட்டு, கியர் போடாமல், ஐந்து நிமிஷம் அமைதியாக அமர்ந்திருத்தல் வேண்டும். அப்போதே நடுக்கம் தோன்றுமாயின் சக்கரங்கள் குற்றமற்றவை. அவை இன்னும் சுழலவேயில்லை யன்றோ! பெட்ரோல் யந்திரம் நிமிஷத்திற்கு 800 முறை சுழல்வதாகக் கொள்வோம். நான்கு சிலிண்டர் கொண்ட யந்திரத்தில் ஒரு சுற்றுக்கு இருமுறை எரிபொருள் வெடிக்கும்; ஆகவே விநாடிக்கு ஏறக்குறைய 27 வெடிப்புகள். இத்துணை விரைவாக வரும் அதிர்ச்சியை ரப்பர்த் தாங்கிகள் விழுங்கிவிடுதலின், நாம் அதனை ஒரு மெல்லிய இரைச்சலாக மட்டுமே உணர்வோம். நான்கில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிடின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒரு குறை விழும். அதாவது விநாடிக்கு ஆறு அல்லது ஏழு முறை. இது கையால் எண்ணிவிடக்கூடிய மந்தமான ஆட்டம். வண்டி முழுவதும் இருமுவதுபோல் குலுங்கும். ஸ்பார்க் பிளக், அதன் சுருள், எரிபொருள் தெளிக்கும் ஊசி ஆகியவற்றுள் ஒன்று பழுதென்று கொள்ளலாம். இதற்கு மாறாக ஆட்டம் மந்தமாயிராமல், குளிர்சாதனத்தைப் போட்டவுடன் மிகுந்து, யந்திரத்தின் வேகத்தைச் சிறிது கூட்டியதும் அடங்குமாயின், யந்திரத்தைத் தாங்கும் ரப்பர் கெட்டுப்போயிற்று எனலாம்.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். மூன்று சிலிண்டர் கொண்ட யந்திரம் இயல்பாகவே நான்கு சிலிண்டர் யந்திரத்தைவிடச் சற்று மிகுதியாக அசையும். 1983-ஆம் ஆண்டில் வெளிவந்த மாருதி 800 வண்டியில் இருந்தது அத்தகைய யந்திரமே. இன்று விற்கும் சிறிய வண்டிகள் பலவற்றிலும் அதுவே உள்ளது. வண்டி வாங்கிய நாள் முதலே இருந்து வரும் அசைவைப் பழுதென்று எண்ணிப் பட்டறைக்கு ஓடுவதிற் பயனில்லை. யந்திரத்தின் உள்ளே எதிர்த்துச் சுழலும் தண்டுகளை வைத்து அதன் அசைவை அடக்கும் உபாயத்தை இங்கிலாந்து தேசத்து லாஞ்செஸ்டர் என்னும் யந்திர சாஸ்திரி 1904-ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். எனினும் செலவும் பாரமும் கருதி எல்லா வண்டிகளிலும் அதனை வைப்பதில்லை. மின்சாரத்தால் ஓடும் வண்டிகளில் இப்பகுதிக்கே இடமில்லை.

நின்றபோது அமைதியாயிருந்த வண்டி அடிவாரத்தைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் நடுங்குமாயின், பாரம் சுமக்கும் உறுப்புகளையே ஐயுறல் வேண்டும். முன்னே செல்லும் பேருந்து வளைவில் நிற்க, நாமும் நின்று, ஏற்றத்தில் மீண்டும் புறப்படுகிறோம்; அப்போது மட்டும் வண்டி தவளைபோல் துள்ளித் துடித்து, கிளட்ச் முழுவதும் விடுபட்டவுடன் அடங்குகிறது. இது கிளட்ச் தட்டில் எண்ணெய் பட்டதாலோ, அது தேய்ந்து மேடுபள்ளமானதாலோ நேர்வது. அன்றி, நான்காம் ஐந்தாம் வளைவுகளுக்கு இடையே ஆக்ஸிலரேட்டரை அழுத்துந்தோறும் வண்டியின் முன்பாகம் பக்கவாட்டில் அசைந்து, காலை எடுத்தவுடன் அசைவு மறைந்துபோகுமாயின், முன்சக்கரங்களுக்கு யந்திர வலிமையைக் கொண்டுசெல்லும் தண்டின் உட்பக்கத்து மூட்டு தேய்ந்ததென்று பெரும்பாலும் துணியலாம். பாரம் ஏறும்போது மட்டும் அம்மூட்டிலுள்ள உருளைகள் தத்தம் பள்ளத்தில் தடுமாறுகின்றன. பாரம் நீங்கினால் தடுமாற்றமும் நீங்குகின்றது.

1957-ஆம் ஆண்டு முதல் 2014-ஆம் ஆண்டு வரை உற்பத்தியான அம்பாஸடர் வண்டியில் இக்குறி வேறாயிருந்தது. அவ்வண்டியில் யந்திரம் முன்னும், உந்தும் சக்கரம் பின்னும் இருத்தலின், நடுவே நீண்டதொரு தண்டு வண்டியின் அடிவயிற்றில் ஓடும். அதன் இரு முனைகளிலும் சிலுவை வடிவமான மூட்டுகள் உண்டு. இத்தகைய மூட்டு வளைந்த கோணத்திற் சுழலும்போது, உட்புகும் வேகம் ஒரே சீராயிருப்பினும், வெளிவரும் வேகம் ஒரு சுற்றில் இருமுறை கூடிக் குறையும். இரு முனைகளிலும் ஒத்த கோணமிருந்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று திருத்திவிடும். மூட்டு தேய்ந்தாலும், ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிப் பின்பக்கத்து வில் தாழ்ந்துபோனாலும் அவ்வொற்றுமை கெடும். ஏற்றத்தில் இருக்கைக்கடியில் உறுமல் கேட்கும். அம்பாஸடரைக் கட்டி மேய்த்த பழைய மெக்கானிக்குகள் அவ்வுறுமலைக் கேட்டமாத்திரத்திற் காரணம் கூறிவிடுவர். ஜீப்பு முதலிய பின்சக்கர வண்டிகளுக்கு அவ்வறிவு இன்றும் உதவுகின்றது. முன்சக்கரத்தால் இயங்கும் சிறிய வண்டிகளிலோ அத்தண்டே இல்லை.

வளைவுகளைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது, முன்சக்கரத்தருகே சோழி குலுக்குவதுபோல் கடகடவென்று ஓசை எழுமாயின், அது மேற்கூறிய தண்டின் வெளிப்பக்கத்து மூட்டு. அதனை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, உள்ளிருந்த கிரீஸ் சிதறி, மண் புகுந்திருக்கும். உறை கிழிந்த அன்றே கண்டுகொண்டால் சிறு செலவு. ஓசை கேட்ட பின் கண்டால் பெருஞ்செலவு.

இனி இறக்கம். பாதையின் உயிர்நிலை இதுவாகலின் சிறிது விரித்துரைப்பேன்.

ஆட்களோடு 1,200 கிலோகிராம் எடையுள்ள ஒரு வண்டி ஏற்காட்டினின்று சேலத்திற்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் இறங்குகின்றது. அவ்விறக்கத்தில் அது இழக்கும் சக்தி சுமார் 14 மெகாஜூல். இவ்வளவையும் வெப்பமாக மாற்றினால், 45 லிட்டர் தண்ணீரைச் சாதாரண நிலையினின்று கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். இதில் ஒரு பகுதி டயர் உருளும் தடையிலும், மிகச் சிறு பகுதி காற்றின் தடையிலும் கழிந்துபோம். எஞ்சியதை ஏற்கவேண்டியவை இரண்டே: ஒன்று யந்திரம், மற்றொன்று பிரேக். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர் என்று பழைய லாரி ஓட்டுநர் கூறும் விதியின் பொருள் இதுவே. தாழ்ந்த கியரில் இறங்கினால் யந்திரம் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். உயர்ந்த கியரிலோ, எரிபொருளை மிச்சம் பிடிக்கும் பேராசையால் கியரே இன்றியோ இறங்கினால், பாரமெல்லாம் பிரேக்கின்மேல் விழும்.

அங்ஙனம் காய்ந்த பிரேக்கில் நிகழ்வது யாது? முன்சக்கரத்தில் இரும்புத் தட்டு ஒன்று சுழல்கின்றது. இரு புறமும் கட்டைகள் அதனைக் கௌவிப் பிடிக்கின்றன. தட்டு மிகக் காய்ந்துவிட்டால், கட்டையிலுள்ள பொருள் அதன்மேல் ஒரே சீராக ஒட்டாமல் திட்டுத் திட்டாக ஒட்டும். அதனினும் கேடு, அடிவாரத்தை அடைந்தவுடன் தேநீர்க் கடைமுன் வண்டியை நிறுத்தி, காலைப் பிரேக்கினின்று எடுக்காமலே இருப்பது. காய்ந்த கட்டை காய்ந்த தட்டின்மேல் ஒரே இடத்தில் அழுந்தி நின்று, அங்கே தன் சுவட்டைப் பதித்துவிடும். அது முதல் தட்டின் கனம் ஓரிடத்துக்கோரிடம் வேறுபடும். வேறுபாடு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கேயாயினும் போதும். நம் தலைமயிரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அம்மேடு, சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கட்டையைத் தள்ளி, ஸ்டியரிங்கை நம் கையில் உதறச் செய்யும். தட்டு வளைந்துவிட்டது என்று பட்டறைகளிற் கூறுவது இதனையே. உண்மையில் அது வளைவதினும் கனம் மாறுவதே பெரும்பான்மை. கடைசலிட்டுச் சீர் செய்வதோ, மாற்றுவதோ பரிகாரம். மாற்றியபின்னும் இறங்கும் முறையை மாற்றாவிடின் இரண்டு மூன்று பிரயாணங்களில் பழைய நடுக்கம் திரும்பி வந்து நிற்கும்; கடைக்காரர் கள்ளச் சரக்கை விற்றாரென்று அவரைத் திட்டுவோம்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுக்கம், மிதிக்காதபோது இல்லை என்பதே இந்நோயின் தனிக் குறி. ஸ்டியரிங் உதறினால் முன்சக்கரத் தட்டு. இருக்கை உதறினால் பெரும்பாலும் பின்சக்கரம். மணல் பரந்த இடத்திலோ மழை வழுக்கலிலோ பிரேக்கை வன்மையாக மிதிக்க, மிதியடி காலுக்கடியில் படபடவென்று துடிக்குமாயின் அஞ்சவேண்டா. சக்கரம் வழுக்கிப் பூட்டிக்கொள்ளாதபடி காக்கும் கருவி இக்காலத்து வண்டிகளில் அமைந்துள்ளது. அது தன் கடமையைச் செய்யும் ஓசை அது.

இறக்கமும் கழிந்தது. வண்டி நெடுஞ்சாலையை அடைந்து மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது நடுக்கம் தோன்றுமாயின், மலைமேல் அது ஒளிந்திருந்தது என்பதே பொருள். இதற்குச் சான்றாக என் முதல் அனுபவத்தைக் கூறுகிறேன்.

சேர்வராயன் மலையிற் காப்பித் தோட்டங்கள் நெடுங்காலமாக உள்ளன. சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் 1820-ஆம் ஆண்டுகளில் அங்கே காப்பிச் செடியைக் கொணர்ந்தாரென்பர். அத்தகைய தோட்டமொன்றில் நண்பர் ஒருவர் வீட்டிற்கு ஐப்பசி மழையிற் சென்றிருந்தேன். பெருஞ்சாலையினின்று அவர் வீடு வரை செம்மண் பாதை. சக்கரம் பாதியளவு சேற்றில் அமிழ்ந்தே சென்றது. இரண்டு நாள் கழித்து, மழை விட்டு வெயில் எறித்த காலையில் இறங்கினேன். இருபது வளைவுகளிலும் வண்டி பட்டுப்போல் இறங்கிற்று. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஸ்டியரிங் என் கையில் நடுங்கத் தொடங்கிற்று. 90-இல் பின்னிருக்கையிலிருந்த என் தாயார், "நிறுத்தப்பா, எனக்குப் பயமாயிருக்கிறது" என்று கூறுமளவிற்கு முற்றிற்று.

மறுநாள் ஒரு பட்டறையில் விட்டேன். சக்கரங்களின் நேர்நிலையை அளந்து திருத்தினர், நடுக்கம் போகவில்லை. முன்பக்கத்து அதிர்ச்சி தாங்கிகளை மாற்றவேண்டுமென்றனர், மாற்றினர், போகவில்லை. பின்னர் ஸ்டியரிங்கின் மூட்டு ஒன்றையும் மாற்றினர். ஒரு மாதச் சம்பளத்தில் பாதி கரைந்தது, நடுக்கம் கரையவில்லை. ஈற்றில் வேறொரு சந்திலுள்ள சிறு பட்டறையின் முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் யாதொரு கருவியையும் எடுக்கவில்லை. "எத்தனை வேகத்திலே நடுங்குகிறது?" என்றார்; கூறினேன். "பிரேக் போட்டால் அதிகமாகிறதா?" என்றார், இல்லை என்றேன். "ஐயா, மழையிலே எஸ்டேட் பக்கம் போய் வந்தீர்களா?" என்றார். யான் வியந்து நிற்க, அவர் குந்தி அமர்ந்து, சக்கரத்தின் உட்புறத்தே கையை விட்டுத் துழாவி, ஸ்குரூ டிரைவரால் நெம்பினார். செங்கல்போல் இறுகிய செம்மண் கட்டியொன்று கீழே விழுந்தது. அடுத்த சக்கரத்தில் இன்னொன்று. நான்கு சக்கரங்களையும் உட்புறம் நீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, தேநீருக்கு மட்டும் காசு பெற்றுக்கொண்டார்.

அம்மண் கட்டி ஒன்று 100 கிராம் எடையும், சக்கரத்தின் மையத்தினின்று 17 சென்டிமீட்டர் தூரமும் உடையதென்று கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். சிறிய வண்டியின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் உருளும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்குச் சுமார் 14 முறை சுழல்கின்றது. அப்போது அச்சிறு கட்டி சக்கரத்தை வெளியே இழுக்கும் விசை 13 கிலோகிராம் எடைக்குச் சமம்! ஒரு விநாடியில் 14 முறை, 13 கிலோ எடையை ஒருவன் சக்கரத்தில் மேலும் கீழுமாக மாறிமாறிக் கட்டி இழுப்பது போன்றது அது. மலைப்பாதையிலோ என் வேகம் 30 கிலோமீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்காயின் விசை ஒன்பதில் ஒரு பங்காகும். அதாவது ஒன்றரைக் கிலோவிற்கும் குறைவு. ஆகவேதான் இருபது வளைவிலும் எனக்கு அது தெரியவில்லை.

வேறொரு காரணமும் உண்டு. சக்கரமும் அதன் அச்சும், ஒரு புறம் டயரின் காற்றாலும் மறுபுறம் வில்லாலும் தாங்கப்பெற்று, விநாடிக்கு 10 முதல் 15 முறை வரை இயல்பாகத் துள்ளும் தன்மையுடையன. ஊஞ்சலை அதன் முறையறிந்து தள்ளினால் சிறு தள்ளலுக்கே பெரிதாக ஆடுவதுபோல, சக்கரத்தின் சுழற்சி அவ்வெண்ணை அடையும்போது நடுக்கம் பன்மடங்காகின்றது. சில வண்டிகளில் 80 முதல் 100 வரை நடுங்கி, அதற்கு மேல் அடங்குவது இதனாலேயே. அடங்கியதென்று எண்ணி விரைந்து ஓட்டுவோர் பேதையரே. விசை அடங்கவில்லை, நமக்குத் தெரியாமற் போயிற்று, அவ்வளவே.

மண்ணின்றியும் இது நேரும். சக்கரத்தின் விளிம்பில் ஒட்டியுள்ள சிறு ஈயத் துண்டோ இரும்புத் துண்டோ உதிர்ந்தால், புதிய டயரை எடை சமன் செய்யாமற் பூட்டினால், விளிம்பு குழியில் மோதி நெளிந்தால், இதே நடுக்கமே. பரிகாரம் சக்கரத்தின் எடையைச் சமன் செய்தல். பட்டறையில் பாலன்சிங் என்பர். சக்கரத்தின் நேர்நிலையைத் திருத்தும் அலைன்மென்ட் என்பது வேறு. நேர்நிலை தவறிய வண்டி ஒருபுறம் இழுக்கும், டயரை ஓரத்தில் தின்னும், பெரும்பாலும் நடுங்காது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியே பலரும் பணத்தை இழக்கின்றனர்.

யந்திரமா சக்கரமா என்று இன்னும் ஐயமிருந்தால் எளிய சோதனை ஒன்றுண்டு. சமவெளியில், வண்டிகள் குறைந்த இடத்தில், நடுங்கும் வேகத்திலேயே ஓட்டிக்கொண்டு ஒரு கியரைக் குறைத்துப் பார்க்கவேண்டும். வண்டியின் வேகம் மாறவில்லை. யந்திரத்தின் சுழற்சி மட்டும் கூடிற்று. நடுக்கம் மாறாமல் நின்றால் சக்கரத்தைச் சேர்ந்தது. மாறினால் யந்திரத்தைச் சேர்ந்தது. கியரை நீக்கி உருளவிட்டுப் பார்ப்பாரும் உளர். சமவெளியில் அதற்குக் குற்றமில்லை. மலை இறக்கத்தில் ஒருக்காலும் செய்யலாகாது.

இம்மண்கட்டிக் கதையால் எனக்கு ஒரு செருக்கு உண்டாயிற்று. அதன் பயனையும் கூறவேண்டும்.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஏற்காட்டில் நாலைந்து நாள் தங்கியிருந்தோம். முன்பக்கத்து இடச்சக்கரம் ஆணி ஏறிக் காற்றிழந்தது. வழியிலிருந்த ஓர் இளைஞர் ஒட்டுப்போட்டு மாட்டித் தந்தார். மறுநாள் நாகலூர்ப் பாதையில் தாயாருடனும் குழந்தைகளுடனும் சென்றேன். 30 கிலோமீட்டர் வேகத்திலேயே ஸ்டியரிங் மெல்ல அசைந்தது. "மண் ஒட்டியிருக்கும், சேலத்திற் கழுவிக்கொள்ளலாம்" என்று கூறினேன். கோடைக்காலம், பாதை உலர்ந்து கிடந்தது, மண் எங்கிருந்து வரும் என்று எண்ணவில்லை. 30 கிலோமீட்டர் வேகத்தில் மண்கட்டி நடுக்கம் தராது என்று யானே கணக்கிட்டிருந்தும், அக்கணக்கு அன்று நினைவிற்கு வரவில்லை. சிறிது தூரத்தில் அசைவோடு "டொக், டொக்" என்னும் ஓசையும் சேர்ந்தது, திருப்பங்களில் மிகுந்தது. எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் ஒரு வளைவில் எனக்கு வழிவிட்டு நின்றவர், கையை நீட்டி என் முன்சக்கரத்தைக் காட்டிப் பெருங்குரலிற் கூவினார்.

இறங்கிப் பார்த்தேன். சக்கரத்தைப் பிணைக்கும் நான்கு நட்டுகளுள் ஒன்று இல்லை. இரண்டு விரலாற் சுற்றும் நிலையில் இருந்தன. எஞ்சிய ஒன்றே எங்கள் ஐவரையும் தாங்கி வந்தது. பாதையின் மறுபுறம் தடுப்புச் சுவரும் இல்லை.

நடுக்கங்களுள் இது ஒன்றே காத்திருக்கலாகாதது. இதன் குறிகள் தெளிவானவை: குறைந்த வேகத்திலேயே தோன்றும், நாளுக்கு நாள் அன்று, கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் வளரும், ஓசை சேரும், அண்மையில் எவரேனும் அச்சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருப்பர். டயரின் பக்கச் சுவரிற் கொப்புளம் எழுந்திருப்பதும் ஏறக்குறைய இவ்வகைத்தே. கொண்டை ஊசி வளைவின் உட்புறக் கல்லில் டயர் மோதினால் உள்ளிழைகள் அறுந்து கொப்புளம் தோன்றும். வண்டி மெல்லச் செல்லும்போதே வாத்துப்போல் அசையும். அதனோடு மலையிறங்காமல் மாற்றுச் சக்கரத்தைப் பூட்டிக்கொள்வதே செய்யத்தக்கது. பல வாரம் ஓரிடத்தில் நிறுத்தி வைத்த வண்டியின் டயர் தட்டையாகி, முதற் சில கிலோமீட்டர் மட்டும் தடதடத்து, சூடேறியதும் சீராவது இதனின் வேறு, அதற்கு அஞ்சவேண்டா.

பேருந்து ஓட்டுநர் தம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். குழந்தைகளைத் தூர நிற்கச் சொன்னார். பின்சக்கரமொன்றினின்று ஒரு நட்டைக் கடன் வாங்கி முன்சக்கரத்திற் பூட்டி, எதிரெதிரான நட்டுகளை மாறிமாறி முறுக்கினார். ஜாக்கி மேல் நிற்கும்போது முறுக்கியது முறுக்கியதாகாது என்றும், சக்கரம் தரையில் பாரமேற்று நின்றபின் ஒருமுறையும், 80, 100 கிலோமீட்டர் ஓடியபின் மற்றொருமுறையும் முறுக்கிப் பார்க்கவேண்டுமென்றும் கூறினார். பேருந்தினுள் இருந்தோர் ஒருவரும் தாமதத்திற்காக முணுமுணுக்கவில்லை.

அன்று மாலை இரண்டாம் கியரிலேயே இறங்கினோம். அடிவாரத்தில் ஒருமுறை முறுக்கினேன்; நட்டுகள் அசையவில்லை. சேலம் வந்து புது நட்டு வாங்கிப் பூட்டி, நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் ஓட்டி வந்து, வீட்டு வாயிலில் மீண்டும் முறுக்கினேன். மூன்று அசையவில்லை, ஒன்று மட்டும் கால் சுற்று உள்ளே போயிற்று.